ஏகமனதாக நிறைவேறியது

எங்கள் கட்சியின் நகரக் கிளைக்கு நான் பதினெட்டு வருடம் செயலாளராக இருந்தேன். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டத்துக்கு ஆள் சொல்லியனுப்புவது, கதிரை போடுவது, பேசியதை எழுதி வைப்பது, எல்லோரும் போனபின் மின்விசிறியை நிறுத்திக் கதவைப் பூட்டுவது. இவ்வளவுதான். சீனன்குடாவில் ஒரு களஞ்சியத்தில் எழுதுவினைஞராக இருந்து தலை நரைத்தவன் நான். எழுதுவதும் பூட்டுவதும் கை பழகிய வேலை. அதனால்தான் என்னைப் பிடித்து அந்தக் கதிரையில் இருத்தினார்கள் என்று நினைக்கிறேன். பேசுவதற்குக் கட்சியில் ஆட்களுக்குக் குறைவில்லை. எழுதத்தான் ஒருவரும் இல்லை.

அலுவலகம் துறைமுகப் பக்க வீதியொன்றில், கயிறும் வலையும் விற்கிற ஒரு கடையின் மேல்மாடியில் இருந்தது. படியேறும்போதே தார் மணம் மூக்கில் ஏறும். யன்னலைத் திறந்தால் உள்துறைமுகத்தில் ஒரு துண்டு தெரியும். கூட்டம் சலித்தால் எல்லோரும் அந்தத் துண்டைப் பார்ப்போம். எங்கள் கூட்டங்கள் அநேகமாகச் சலிக்கும்.

கட்சி பழைய கட்சி. சட்டத்தரணிகள், ஓய்வுபெற்ற அதிபர்கள், கடை முதலாளிமார், கோயில் தர்மகர்த்தாக்கள். வாக்குச்சீட்டில் அப்பா போட்ட இடத்தில் மகனும் புள்ளடி போடுவான் என்ற நம்பிக்கையில் நடக்கிற கட்சி. எதற்கும் அவசரப்படமாட்டோம். காணி போனால் மகஜர் கொடுப்போம், வெளிநாட்டுத் தூதுவர் வந்தால் வேட்டி கட்டிக்கொண்டு போய்ச் சந்திப்போம், திரும்பி வந்து சந்தித்தோம் என்று பத்திரிகைக்கு அறிக்கை விடுவோம். இதைக் கிண்டலாகச் சொல்கிறேன் என்றாலும் அந்த அறிக்கைகளில் பாதி நான் எழுதியவை.

இப்படிப்பட்ட கிளையில் வேலை செய்தவர் என்று மனச்சாட்சியோடு சொல்லக்கூடியவர் ஒருவர்தான். ரீச்சர். கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கணவர் இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். புதன்கிழமை தோறும் காணிப் பத்திரமும் பிறப்புப் பத்திரமும் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போவார். அவர்களில் அரைவாசிப்பேர் சைவர்கள், சிலர் மூதூரிலிருந்து வருகிற முஸ்லிம்கள். ரீச்சர் ஒருவரிடமும் என்ன சமயம் என்று கேட்டதில்லை. எந்த விண்ணப்பம், எத்தனை பிரதி, அதைத்தான் கேட்பார்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. தன் வட்டாரத்தில் ஒரேயொரு தரம் நகரசபைத் தேர்தலுக்கு நிற்க வேண்டும். மூன்று தரம் கேட்டிருந்தார். முதல் முறை ஒரு கடை முதலாளிக்காக விட்டுக்கொடுத்தார். அடுத்த முறை கட்சிப் பெரியவர் ஒருவரின் மருமகனுக்காக. மூன்றாம் முறை இளைஞர் ஒருவரைப் போட வேண்டும் என்றார்கள், அந்த இளைஞருக்கு நாற்பத்தொரு வயது. ஒவ்வொரு முறையும் அடுத்தது உங்களுக்குத்தான் ரீச்சர் என்று போய்ச் சொன்னவன் நான். நாலாம் முறை வந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு. இனி ஒருமுறை காத்திருக்க ஏலாது என்று அவரும் சொன்னார், நானும் ஓம் என்றேன்.

இங்கே எங்கள் கூட்ட அறிக்கை எழுதும் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் ஒரு கூட்டத்தில் ஏதோ ஒரு தீர்மானத்தை ஒரு கடைக்காரர் எதிர்த்துப் பேசினார். எனக்கு முந்திய செயலாளர் நேர்மையான மனிதர். இன்னார் எதிர்த்தார், இன்ன காரணம் சொன்னார் என்று அப்படியே எழுதி வைத்துவிட்டார். பிறகு படையினர் அலுவலகத்தைச் சோதனை போட்டார்கள். கொப்பி போனது, கொப்பியின் பின்னால் கடைக்காரரும் போனார். மூன்று நாளில் திரும்பி வந்தார். அதன்பிறகு எந்தக் கூட்டத்திலும் அவர் வாய் திறந்ததில்லை. அன்றிலிருந்து எங்கள் கொப்பியில் பேசினவர் பெயர் கிடையாது, எதிர்ப்பும் கிடையாது. கதிரையைத் தூக்காத குறையாகச் சண்டை பிடித்தாலும் கடைசியில் எழுதுவது ஒரே வசனம்: முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, ஏகமனதாக நிறைவேறியது.

அந்த வசனம் எங்களைக் காப்பாற்றியது. அதில் சந்தேகமில்லை. யார் வந்து கொப்பியைப் புரட்டினாலும் அதில் பிடித்துக்கொண்டு போக ஓர் ஆள் இருக்கவில்லை. சண்டை முடிந்தது. அப்போதாவது அந்தப் பழக்கத்தை விட்டிருக்கலாம், ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பதிலாகத் தலைமையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் கொப்பியில் கையெழுத்திட வேண்டும். நான் இடப்பக்கத்தில் கோடு போட்டுக் கையெழுத்துக்கு இடம் விட்டேன். வலப்பக்கத்தில் அறிக்கை. வருகிறவர்கள் உள்ளே வந்தவுடன் இடப்பக்கத்தில் கையெழுத்து வைப்பார்கள். வலப்பக்கம் அப்போது வெறுமையாக இருக்கும். அதை நான் மறுநாள் காலையில் வீட்டில் இருந்து எழுதுவேன்.

ரீச்சருக்கும் இது தெரியும். ஒருமுறை நானே கேட்டேன், நீங்கள் இவ்வளவு நேரம் எதிர்த்துக் கதைத்ததை ஒரு வரியாவது போடட்டோ என்று. வேண்டாம், கொப்பி வெளியில் போகிற சாமான், எங்கள் சண்டை எங்களுக்குள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அது நல்ல காலம். அப்போது கிளையில் எல்லோரும் ஒருவரை ஒருவர் நம்பினோம்.

இளைஞர்கள் கட்சிக்கு வருவதில்லை என்று பத்து வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தோம். கேட்ட வரம் கிடைத்தது. ஒரு மாரிகாலப் பின்னேரம் ஆறு பேர் நனைந்துகொண்டு படியேறி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வந்தவர் ரியூசன் வகுப்பில் கணிதம் படிப்பிக்கிற ஒரு மாஸ்ரர், வயது முப்பத்தைந்து இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் பண்பாட்டு வகுப்பு நடத்த மண்டபம் தேவை என்றார். செருப்பை வாசலில் கழற்றி வரிசையாக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். என்னை ஐயா என்றார்கள். தேநீர் குடித்த கோப்பைகளைத் தாங்களே கழுவி வைத்தார்கள். எங்கள் கிளைத் தலைவருக்குக் கண்கலங்கிவிட்டது. எனக்கும் மாஸ்ரரைப் பிடித்துவிட்டது, அதை மறைத்து என்ன பயன்.

அவர்கள் சொன்னதில் பொய்யும் இல்லை. காணி போகிறது, மேய்ச்சல்தரை போகிறது, ஒரு மாதம் அரசாங்கத்து ஆட்கள் பலகை நடுகிறார்கள், அடுத்த வருடம் அங்கே சுவர் எழும்புகிறது, நீங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்றார் மாஸ்ரர். தம்பலகாமத்திலிருந்து வந்த ஒரு விவசாயி உறுப்பினர் கை தட்டினார். நானும் தட்டினேன். ஆனால் பெரியவனோடு மோத ஏலாத கோபம் கடைசியில் பக்கத்து வீட்டுப் படலையைத்தான் போய்த் தட்டும். அது அப்போது எனக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அவ்வளவு தூரம் போகாது என்று இருந்துவிட்டேன்.

முதல் தீர்மானம் சின்ன விஷயம். இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்று கூட்டத்தைத் தொடங்குவது எங்கள் வழக்கம். அதற்குப் பதிலாக விளக்கேற்றித் தேவாரம் பாட வேண்டும் என்று முன்மொழிந்தார்கள். ரீச்சர் எழுந்தார்.

“விளக்கு ஏத்துங்கோ, தேவாரமும் படியுங்கோ, நானும் எழும்பி நிப்பன். ஆனா அதைத் தீர்மானமா எழுத வேண்டாம். எழுதினா நாளைக்கு அது சட்டம்.”

பழைய ஆட்கள் சிலர் தலையாட்டினார்கள். தலைவர், வேறொன்றும் இல்லையே என்று கேட்டார். அது அவர் கூட்டத்தை முடிக்கிற விதம். மறுநாள் காலை தேநீரும் கையுமாக இருந்து நான் எழுதினேன், ஏகமனதாக என்று.

அடுத்தது சாப்பாடு. கூட்டம் வெள்ளிக்கிழமையில் வந்தால் கீழே பேக்கரியில் மீன் ரோல்ஸ் எடுப்பதில்லை, கடலை வடைதான் என்று தீர்மானம். இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி சோற்றுப் பானையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். வெள்ளி தவறாமல் விரதம் இருக்கிற மனுஷி.

“முப்பது வருஷமா இந்த வீட்டில வெள்ளிக்கிழமை மரக்கறிதான். அதுக்கு ஒரு தீர்மானம் போட்டோ நான் சமைச்சனான்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. ரீச்சர் என்ன சொன்னார் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, கடலை வடை நல்லாயிருக்கு என்று சாப்பிட்டார் என்றேன். நத்தாருக்கு ரீச்சர் வீட்டுக் கேக் எங்கள் வீட்டுக்கு வரும், பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பொங்கல் அங்கே போகும். அவர்கள் இருவருக்கும் கட்சிக்கு வெளியே ஒரு கணக்கு இருந்தது.

ஆறு பேர் பன்னிரண்டாகி, முப்பதானார்கள். கதிரை போதவில்லை. மாரி முடிந்ததும் முடியாததுமாகக் கிளையில் புதுச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வருடமும் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் மீனவர் சங்கங்களோடு இருந்து கடலில் வலை விடும் எல்லையைப் பேசித் தீர்ப்போம். தேநீரும் கதையுமாக ஒரு முற்பகல் போய்விடும். அது இனித் தேவையில்லை, எங்கள் கடலைப் பற்றி மற்றவர்களோடு பேச என்ன இருக்கிறது என்று ஒரு தீர்மானம். அதுவும் ஏகமனதாக. கிண்ணியாவிலிருந்து எனக்கு ஒருவர் தொலைபேசி எடுத்தார். இருபது வருடப் பழக்கம். என்ன இந்த வருடம் தேதி சொல்லவில்லை என்று கேட்டார். கொஞ்சம் வேலை கூட, சொல்லியனுப்புகிறேன் என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. விளங்கியிருக்கும்.

பிறகு உறுப்பினர் படிவம். அதில் சமயம் என்று ஒரு நிரல் சேர்க்க வேண்டும் என்றார்கள், புள்ளிவிபரத்துக்காம். அந்தப் படிவத்தை அமைத்தவன் நான்தான். களஞ்சியத்தில் பழகிய கை, கோடு பிசகாது. பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், அதற்குப் பக்கத்தில் சமயம். நிரல் ஒடுக்கமாக வந்ததால் விலாசத்தைக் கொஞ்சம் குறைத்து இதை அகட்டினேன். வடிவாக வந்திருக்கு ஐயா என்றார் மாஸ்ரர். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

தேர்தல் அறிவிப்பதற்கு இரண்டு மாதம் முந்திய கூட்டத்தில் கடைசித் தீர்மானம் வந்தது. மண்ணின் மரபைப் பேணுவோர் மட்டுமே கிளையினால் வேட்பாளராகச் சிபாரிசு செய்யப்படுவர். மரபு என்றால் என்ன என்று ரீச்சர் கேட்டார். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். ரீச்சர் பத்து நிமிடம் பேசினார். குரல் உயரவில்லை. எங்கள் குடும்பம் இந்தக் கரையில் எத்தனை தலைமுறை, யார் யார் எந்தக் கடலில் போனார்கள், எந்தக் கலவரத்தில் யார் வீடு எரிந்தது, அப்போது யாரும் படலையில் வந்து சமயம் கேட்கவில்லை என்றார். மாஸ்ரர் குறுக்கே பேசாமல் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பழைய ஆட்கள் நாலைந்து பேர் தங்கள் கால்விரலைப் பார்த்தார்கள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஒரு சரக்குக் கப்பல் நின்றது.

வேறொன்றும் இல்லையே என்றார் தலைவர்.

மறுநாள் காலை கொப்பியைத் திறந்தபோது என் பேனா கொஞ்சம் நின்றது. பொய் சொல்லக்கூடாது, நின்றது. ஒருவர் எதிர்த்தார் என்று எழுதினால் அந்த ஒருவர் யார் என்று கேட்பார்கள், பெயர் எழுத வேண்டிவரும், இத்தனை வருடமும் இல்லாத புதுப்பழக்கம் என்பார்கள். இடப்பக்கத்தில் நாற்பத்தாறு கையெழுத்து. பன்னிரண்டாவது ரீச்சருடையது, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி வட்டமான எழுத்து. நான் வழக்கமான வசனத்தையே எழுதினேன்.

வேட்பாளர் தெரிவுக்குத் தலைமையிலிருந்து ஒரு சட்டத்தரணி வந்தார். காலை பத்து மணி. மின்வெட்டு, மின்விசிறி நின்றுவிட்டது. ரீச்சர் வெள்ளைச் சேலை உடுத்து நேரத்துக்கே வந்து முன்வரிசையில் இருந்தார். கையில் ஒரு கோப்பு, அதில் வட்டாரத்தின் வரைபடமும் எந்த ஒழுங்கைக்கு என்ன தேவை என்ற பட்டியலும் இருந்தன. ஒரு பிரதியை எனக்கு முதல் நாளே தந்திருந்தார். மாஸ்ரரும் மூன்று பேரும் சுவரோரமாக நின்றார்கள். கதிரை இருந்தும் இருக்கவில்லை, பெரியவர்களுக்கு முன்னால் நிற்பதுதான் மரியாதை என்றார்கள்.

சட்டத்தரணி கெட்ட மனிதர் இல்லை. ரீச்சரின் சேவையைப் பற்றி நல்லபடி நாலு வார்த்தை சொன்னார். பிறகு கொப்பியைப் புரட்டி, கிளையின் தீர்மானம் ஒன்று இருக்கிறதே என்றார். அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை என்றார் ரீச்சர். சட்டத்தரணி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு விரலை வைத்து வாசித்தார். இந்தப் பக்கத்தில் ஏகமனதாக என்று இருக்கிறது, அந்தப் பக்கத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, தேவாரம் தொடங்கி இதுவரைக்கும் எல்லாத் தீர்மானத்துக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றார்.

“எங்கட கொப்பி அப்பிடித்தான் எழுதுறது. நான் எதிர்த்துக் கதைச்சனான். செயலாளரைக் கேளுங்கோ, அவருக்குத் தெரியும்” என்றார் ரீச்சர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரீச்சர் பார்க்கவில்லை. நான் என்ன சொல்வேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கோப்பிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்துக்கொண்டிருந்தார்.

ஆமாம், கொப்பி பொய் என்று சொன்னால் பதினெட்டு வருடக் கொப்பியும் பொய். எது உண்மை என்று சட்டத்தரணி ஒவ்வொன்றாகக் கேட்பார். கடைக்காரரின் கதையிலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும். பிறகு விசாரணை, இன்னொரு கூட்டம், மாஸ்ரரின் ஆட்களோடு வாக்குவாதம், கட்சி உடைகிறது என்று பத்திரிகையில் செய்தி. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. முழங்கால் குத்தியது. சட்டத்தரணி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“கொப்பியில இருக்கிறதுதான்” என்றேன்.

ரீச்சர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. பிள்ளை தவறான விடை சொன்னால் வகுப்பில் பார்ப்பார்களே, இன்னொருமுறை யோசித்துச் சொல் என்று, அப்படி. நான் யன்னல் பக்கம் திரும்பினேன். அவர் வரைபடத்தை மடித்த மடிப்பிலேயே மடித்துக் கோப்பில் வைத்தார். நன்றி என்று சட்டத்தரணிக்குச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். மாஸ்ரர் ஓடிப்போய்க் குடையை எடுத்துக்கொடுத்தார்.

அந்த வட்டாரத்தில் மாஸ்ரரின் ஆள் ஒருவர் நின்றார். கரையோரத்து வீடுகள் அவருக்குப் போடவில்லை, முஸ்லிம் வீடுகள் போடவில்லை, சைவ வீடுகளிலும் பலர் வீட்டை விட்டு வரவேயில்லை. எங்கள் கட்சி என்றும் இழக்காத வட்டாரம் வேறு கட்சிக்குப் போனது. சுவரொட்டிகளை எங்கள் நகரத்து வீதிகளில் திரிகிற மான்கள் ஒரு வாரத்தில் தின்று முடித்துவிட்டன. இனியாவது இவர்கள் அடங்குவார்கள் என்று நான் நினைத்தேன். என் அரசியல் அறிவு அவ்வளவுதான். தோல்விக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் மாஸ்ரர் எழுந்து, சுத்தமாகத் தோற்றிருக்கிறோம், கலப்பில்லாமல் தோற்றது கலந்து வெல்வதை விட மேல் என்றார். மண்டபம் கை தட்டியது. வட்டாரம் அவர்களுக்குத் தேவைப்படவேயில்லை. கிளைதான் தேவைப்பட்டது, அது கிடைத்துவிட்டது. அதே கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தி ஆலோசகராக்கினார்கள். கொப்பியைப் புதுச் செயலாளரிடம் கொடுத்தேன். என்னைவிட எழுத்து அழகு.

வீட்டில் மனைவி இரண்டு மாதமாக ரீச்சரைப் பற்றி ஒரு கதையும் எடுக்கவில்லை. நான் நடந்ததைச் சொல்லியிருந்தேன். அவர் கேட்டுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். அந்தப் பொங்கலுக்குப் பொங்கலை ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி மேசையில் வைத்தார். இந்த முறை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், எனக்கு அந்த வீட்டுக்குப் போக முகம் இல்லை என்றார். முகம் போனது என்னால்தான் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்து ஆறியிருப்பேன்.

அன்றைக்குப் போகவில்லை. பொங்கலை நானே சாப்பிட்டேன். அடுத்த நாள் முழுக்க இருந்து ஒரு கடிதம் எழுதினேன், தலைமைக்கு முகவரியிட்டு. எங்கள் கொப்பியில் ஏகமனதாக என்று எழுதுவது பழைய காலத்துப் பழக்கம், ரீச்சர் தேவாரத் தீர்மானத்தையும் வேட்பாளர் தீர்மானத்தையும் எதிர்த்தார், அச்சம் காரணமாக அன்று உண்மையைச் சொல்லத் தவறினேன். கையெழுத்து வைத்து இரண்டு பிரதி எடுத்தேன். மறுநாள் காலை சைக்கிளில் ரீச்சர் வீட்டுக்குப் போனேன்.

விறாந்தையில் இருந்து யாருக்கோ ஒரு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். ஒரு பெண் பக்கத்தில் நின்றார். என்னைக் கண்டதும் வாங்கோ அண்ணை என்று கதிரையைக் காட்டிவிட்டு, அந்தப் பெண்ணின் வேலையை முடித்து அனுப்பிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார். பிளேன்ரீ போட்டுத் தந்தார். நான் கடிதத்தைக் கொடுத்தேன். நிதானமாக வாசித்தார், இரண்டாம் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

எப்போது எழுதினது என்று கேட்டார். நேற்று என்றேன். தேர்தல் முடிந்து எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

“பயம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். பயந்த ஆக்களை எனக்குத் தெரியும் அண்ணை, அவையளோடதான் நான் இவ்வளவு காலமும் கச்சேரிக்குப் போறனான். அண்டைக்கு உங்களிட்ட பயம் இருக்கேல்லை. களைச்சுப்போய் இருந்தனீங்கள். கெதியா முடிஞ்சாக் காணும் எண்டு இருந்தனீங்கள். பயத்துக்கு நான் கோவிச்சிருக்கமாட்டன்.”

அவர் சொன்னது அப்படியே உண்மை. அந்தப் பத்து மணி வெயிலில் எனக்கு மாஸ்ரரிடம் பயம் இல்லை, ஒருவரிடமும் பயம் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சாய்மனைக் கதிரையில் படுக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அதற்காக ஒரு மனுஷியின் பதினைந்து வருடத்துக் காத்திருப்பை விற்றேன்.

கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். தலைமைக்கு அனுப்பினால் கோப்பில் போடுவார்கள், தனக்குத் தந்தால் தான் அலுமாரியில் வைப்பேன், இரண்டிலும் பயனில்லை என்றார்.

“அங்க கூட்டத்தில எழும்பி வாசியுங்கோ. எனக்காக வேண்டாம், எனக்கு இனி சீட்டும் வேண்டாம். அந்தப் பிள்ளையளில ரெண்டு பேராவது காதில கேக்கட்டும்.”

கட்டாயம் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சைக்கிளில் திரும்பும்போது உடம்பு லேசாக இருந்தது. வீட்டில் சொன்னபோது என் மனைவி இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்து, சாப்பிட வாங்கோ என்றார்.

முதல் கூட்டத்துக்கு எனக்கு உண்மையாகவே காய்ச்சல். மருந்துச் சிட்டை இருக்கிறது. இரண்டாவது கூட்டத்துக்குக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். படியேற ஒருவர் கை கொடுத்தார். முன்வரிசையில் மின்விசிறிக்குக் கீழே ஆலோசகருக்கென்று ஒரு கதிரை, அதில் மெத்தையும் போட்டிருந்தார்கள். உள்ளே வந்தவுடன் எல்லோரையும் போல நானும் இடப்பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். தேவாரம் பாடினார்கள். பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். ஒரு பாடசாலை, அதன் அதிபர் என்ன சமயம் என்பதைப் பற்றி. நான் இரண்டு தரம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். முதல் தரம் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார், குறுக்கே எழுவது அழகில்லை. இரண்டாம் தரம் தேநீர் வந்துவிட்டது.

முடிக்கிற நேரம் மாஸ்ரர் என் பக்கம் திரும்பினார். அவர்தான் இப்போது தலைவர். குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, ஐயா ஏதும் சொல்ல விரும்புகிறாரா என்று மரியாதையாகக் கேட்டார். ஐம்பது அறுபது இளம் முகங்கள், எல்லாம் எனக்காகக் காத்திருந்தன. உண்மையில் கேட்கத் தயாராக இருந்தார்கள்.

“இல்லைத் தம்பி” என்றேன். “நேரம் போச்சுது. முடியுங்கோ.”